வடபுலத்தில் நம் வீட்டுத் தோட்டம்



உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளியேறிய நம்மவர்கள், விடுமுறை கழிந்து ஊரிலிருந்து திரும்பும்பொழுது, அப்பளக் கட்டுக்கும் வடக டப்பாவுக்கும் நடுவே ஒரு செடியையும் சுமந்து வருவது வழக்கம். ஈரச் சாக்கில் சுற்றிய மல்லிகைப் பதியன் ஒன்று இருக்கும். அல்லது வேரோடு பெயர்த்த கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருக்கும். இவ்வாறு வந்த செடிகளுள் எத்தனை இரண்டாம் ஆண்டைக் காண்கின்றன என்பதே நாம் இன்று சிந்திக்கப் புகும் பொருள். மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் வாழ்வோருக்கு இக்கவலை குறைவு. தில்லியிலும் அதைச் சூழ்ந்த வடநாட்டுச் சமவெளியிலும் வாழ்வோருக்கே இது பெரிதும் பொருந்தும்.

எங்கள் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறோம். தில்லிக்கு வந்த முதல் ஆண்டில், எங்கள் குடியிருப்பின் பின்புறத்துச் சிறு நிலத்தில் கனகாம்பரம், பப்பாளி, கறிவேப்பிலை ஆகிய மூன்றையும் வைத்தோம். மழைக்காலத்தில் மூன்றும் செழித்தன. மார்கழி பிறந்தது, கனகாம்பரம் கருகிற்று. தை மாதத்தில் பப்பாளியின் இலைகள் வெந்த கீரையைப் போலத் துவண்டு தொங்கின. கறிவேப்பிலையோ இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சியாக நின்றது. மூன்றும் மாண்டன என்று கருதி, மாசி முதல் வாரத்தில் அனைத்தையும் பிடுங்கிக் குப்பையில் போட்டோம்.

அப்பொழுது அடுத்த வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார் அவ்வழியே வந்தார். கறிவேப்பிலைக் குச்சியை எடுத்து, அடித்தண்டின் பட்டையை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சையாக இருந்தது! “பிள்ளாய், இது உறங்கிக்கொண்டிருந்தது. ஹோலிப் பண்டிகை வரை பொறுத்திருக்கலாமே” என்றார். உடனே மறுபடியும் நட்டுப் பார்த்தோம். வேர் அறுந்துவிட்டபடியால் அது பிழைக்கவில்லை. குளிர் கொன்றவை இரண்டு. நம் அவசரம் கொன்றது ஒன்று.

இதில் அடங்கிய உண்மை எளியது. செடி நம்மோடு வந்துவிட்டது. அதன் பஞ்சாங்கம் வரவில்லை. சென்னையில் தை மாத இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தில்லியிலோ அது 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவுகள் உண்டு. கோடையில் 45 டிகிரியை எட்டும் பகல்களும், ‘லூ’ என்னும் அனற்காற்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர் நனையும். தில்லியில் வானம் வறண்டிருக்கும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையில் பெய்து முடிந்துவிடும். ஆகவே ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி மட்டும் இங்கும் பொருந்துகிறது. ஏனைய பட்டங்களைப் புதிதாகவே கற்க வேண்டும்.

முதலில் மல்லிகை. வடநாட்டார் இதனை மோக்ரா என்பர். நம் ஊரில் கார்த்திகையில் கவாத்துச் செய்வது மரபு. அதே மரபை இங்குப் பின்பற்றினால், வெட்டிய இடத்தில் துளிர்க்கும் இளந்தளிர் நேரே குளிரின் வாயில் விழும். ஆதலால் தை இறுதிவரை கத்தரிக்கோலைத் தொடாதிருத்தல் நலம். குளிர் தணியத் தொடங்கியபின் கிளைகளைக் குறைத்து, மட்கிய தொழு உரமிட்டு, நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் சித்திரையில் மொட்டுக் கட்டும். நாள் முழுதும் வெயில் படும் இடமே இதற்கு உகந்தது. நிழலில் வைத்த மல்லிகை இலையைத் தருமேயன்றி மலரைத் தாராது. மண் நிலம் இல்லாதவர்கள் மொட்டை மாடியில் அகன்ற தொட்டியிலும் வளர்க்கலாம்.

பவளமல்லிக்கு அறிமுகம் வேண்டியதில்லை. ஹர்சிங்கார் என்னும் பெயரில் அது வடநாட்டில் முன்னமே குடியிருக்கிறது. மழை ஓய்ந்தபின் விடியற்காலையில் முற்றமெங்கும் மலர் உதிர்த்து, நவராத்திரி நாட்களுக்குத் துணை நிற்கும். செம்பருத்தியும் அரளியும் அவ்வாறே இவ்வூரின் பருவங்களைத் தாங்குவன. கனகாம்பரம் மட்டும் குளிருக்கு அஞ்சும். அதனைத் தொட்டியில் வைத்து, மார்கழி இரவுகளில் வீட்டினுள் எடுத்து வைப்பதே தகும்.

கறிவேப்பிலையைப் பற்றிச் சொன்னோம். அது இலையுதிர்ந்து நிற்கும் காலத்தில் மிகுதியாக நீர் விடுவது பிடுங்கி எறிவதற்கு அடுத்த குற்றமாகும். வளர்ச்சி நின்ற வேர், தேங்கிய நீரில் அழுகும். மண் நன்கு காய்ந்த பின்னரே சிறிது நீர் விட வேண்டும். பங்குனியில் தளிர் கண்டபின் வழக்கம்போல் ஊற்றலாம்.

இனிக் கனிகளுக்கு வருவோம். பப்பாளியை மாசி இறுதியில் நட்டால், குளிர் வருமுன் தண்டு தடித்துவிடும். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக இருக்கும் வகைகளில், பூக்கும் வரை வேறுபாடு தெரியாது. எனவே இரண்டு மூன்று கன்றுகளை நட்டு, பூத்த பின் வேண்டாத ஆண் மரங்களை நீக்க வேண்டும். அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்து, நீர் தேங்காமல் காப்பது இன்றியமையாதது. சிறிய இடத்திற்கு ‘பூசா நன்ஹா’ என்னும் குட்டை வகை ஏற்றது. தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்திலேயே அது காய்க்கத் தொடங்கும்.

மாமரம் வைக்க நம் வீட்டில் இடம் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ‘ஆம்ரபாலி’ என்னும் மா வகையை வெளியிட்டது. குட்டையாக வளரும் இம்மரங்களை இரண்டரை மீட்டர் இடைவெளியில் நடலாம் என்றால், சிறு முற்றத்திற்கு ஒன்று போதாதா? இதன் பெற்றோர் யாவர் என்பதைத் தமிழர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். லக்னோவைச் சார்ந்த பகுதியின் தசேரி ஒன்று. நம் தென்னாட்டு நீலம் மற்றொன்று. தசேரி ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓயும் இயல்பினது. நீலம் ஆண்டுதோறும் காய்ப்பது. தசேரியின் சுவையோடு நீலத்தின் தவறாத காய்ப்பும் ஆம்ரபாலியில் சேர்ந்தன. வடக்கும் தெற்கும் கூடி வாழ்ந்தால் விளையும் நன்மைக்கு இதனினும் இனிய சான்று வேண்டுமோ!

மழைக்காலத்தில் ஒட்டுக்கன்று வாங்கி நடுக. முதல் சில குளிர்காலங்களில் மூன்று பக்கமும் வைக்கோல் தட்டி வைத்து, தென்கிழக்கை மட்டும் திறந்துவிடுக. காலை வெயில் உள்ளே நுழையும். வாடைக்காற்று வெளியே நிற்கும். கோடையில் வேரைச் சுற்றிச் சருகு மூடாக்கு இடுக.

“மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றல் உத்தரவு வந்துவிடும்; யாரோ தின்பதற்கு நாம் ஏன் மரம் வைக்க வேண்டும்?” என்று வினவுவோர் உண்டு. நாங்களும் அவ்வாறு எண்ணியவர்களே. இரண்டாம் முறை வைத்த கறிவேப்பிலை, அம்மூதாட்டியாரின் மேற்பார்வையில் நான்கு குளிர்காலங்களைக் கடந்தது. வேரிலிருந்து முளைத்த கன்றுகளை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிச் சென்றனர். வீடு மாறும் நாள் வந்தபொழுது, அதைப் பெயர்த்துச் செல்ல மனம் துணியவில்லை. ஒருமுறை பிடுங்கிய பாவம் போதும் என்று விட்டு வந்தோம். ஒரு சிறு கன்றை மட்டும் தொட்டியில் எடுத்துக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து அவ்வழியே செல்ல நேர்ந்தது. அவ்வீட்டில் அப்பொழுது குடியிருந்தவர்கள் தமிழரல்லர். எனினும் மரத்தடியில் நீர் ஊற்றிய ஈரம் இருந்தது.

குளிர்காலம் வரும். உங்கள் செடி இலையுதிர்த்து நிற்கும். பிடுங்கிவிடாதீர்கள், பட்டையை மெல்லக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால், பங்குனி வரை பொறுத்திருங்கள்.