இந்த வயதில் படிப்பா?
(பொன்விழா மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாங்கள் மூவரும் இப்பங்கின் பிள்ளைகள். நர்ஸிங் டிப்ளமோ படித்து, 20 ஆண்டுகளுக்கு மேல் பிரசவ வார்டில் பணி செய்தவர்கள். அதன் பின்னரே போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்ஸிங் என்னும் 2 ஆண்டுப் படிப்பில் சேர்ந்தோம். டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்ற செவிலியருக்கென்றே அமைந்த பட்டப்படிப்பு அது. "மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் நீ புத்தகப் பையைத் தூக்குகிறாயே!" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அன்போடு பதில் சொல்லவே இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

உண்மையைச் சொன்னால், அச்சம் எங்களுக்கும் இருந்தது. சம்பளமில்லா விடுப்பு. எங்கள் பிள்ளைகளின் வயதினரோடு ஒரே பெஞ்சு. முதல் தேர்வில் மூவருக்குமே குறைந்த மதிப்பெண். விட்டுவிடலாம் என்றுகூட எண்ணினோம்.

அப்போது ஒரு பாடம் எங்களைத் தடுத்து நிறுத்தியது. குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டிவிடுவது எங்கள் கை பழகிய வழக்கம். விரைவே திறமை என்று நினைத்திருந்தோம். மூச்சுக்கு உடனடி உதவி தேவைப்படாத குழந்தைக்கு 1 முதல் 3 நிமிடம் பொறுத்தே கொடியை வெட்ட வேண்டும் என்று, உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்நேரத்தில் நஞ்சிலுள்ள இரத்தம் குழந்தையைச் சேருகிறது. அதனால் கிடைக்கும் இரும்புச்சத்து, பின்வரும் மாதங்களில் இரத்தசோகையைத் தடுக்க உதவுகிறது. அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. எத்தனை குழந்தைகள் எங்கள் கைகளில் பிறந்தன! எப்படிச் செய்வது என்று கை அறிந்திருந்தது. ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அனுபவம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பேறுகால இரத்தப்போக்கு பற்றிய வகுப்பில், இரத்த அழுத்தம் குறையுமுன்பே தாயின் நாடி விரைவதை வார்டில் கண்டபடி எடுத்துச் சொன்னோம். இளம் மாணவியர் ஆவலோடு குறித்துக்கொண்டனர். அனுபவமும் படிப்பும் அன்று ஒரே பெஞ்சில் அமர்ந்தன.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மருத்துவமனையில் 1909-இல் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. அது 1946-இல் பட்டப்படிப்பு அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. 37 ஆண்டுகள் பிறருக்குப் பயிற்சியளித்த பள்ளியே மேலும் உயர வேண்டும் என்று நினைத்தது. அப்படியிருக்க, நாம் ஏன் தயங்க வேண்டும்?

பட்டம் பெற்றபின் அதே வார்டுக்குத்தான் திரும்பினோம். சம்பளம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் கொடியை வெட்டுமுன் இப்போது கடிகாரத்தைப் பார்க்கின்றோம். பயிற்சிக்கு வரும் பெண்களுக்குச் செய்முறையோடு காரணத்தையும் சொல்லிக் கொடுக்கின்றோம்.

ஆகவே அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒரு தாயோ தமக்கையோ மீண்டும் படிக்க விரும்பினால் அவர் வயதைக் கேளாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் அடுப்படி வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டார் செய்த உதவி அதுவே. அதுவின்றி நாங்கள் தேறியிருக்க மாட்டோம்.