கடற்கரைக் காற்றும் ஆலைச் சங்கும்

(புதுச்சேரியில் படிப்பகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



இன்பத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். அரசியல் மேடையிலே இன்பத்துக்கென்ன வேலை என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். தியாகம், சிறை, தடியடி, தேர்தல் நிதி என்றே கேட்டுப் பழகிய செவிகள் அவை! ஆயினும் கேளுங்கள். நான் சொல்லவந்த இன்பம் மாடமாளிகைக்குரியதன்று. மாலை ஆறு மணிக்குமேல் நம் கடற்கரைச் சாலையிலே, பிள்ளையைத் தோளிலே சுமந்துகொண்டு, கையிலே சுண்டல் பொட்டலத்தோடு, எங்கும் போய்ச்சேர வேண்டிய அவசரமின்றி ஒருவன் நடக்கிறானே, அந்த இன்பம். வண்டிகளைத் தடுத்து நிறுத்தி, மனிதன் நடப்பதற்கென்றே ஒதுக்கிவைத்த சாலை அது. காற்றுக்குக் காசில்லை, கடலுக்குக் கட்டணமில்லை. ஆனால் அந்த மாலைப்பொழுது இருக்கிறதே, தோழர்களே, அது விலை கொடுத்து வாங்கப்பட்டது. பன்னிரண்டு உயிர் அதன் விலை!

முப்பதுகளின் புதுச்சேரியை எண்ணிப் பாருங்கள். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் வாழ்ந்த பகுதி. மேற்கே நம்மவர் பகுதி. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். விடியுமுன் சங்கு ஊதும். இருட்டிலே உள்ளே போனவன் இருட்டிலேதான் வெளியே வருவான். நடந்துபோகும் தொலைவிலே கடல். ஆனாலும் பகல் வெளிச்சத்திலே அந்தக் கடலைக் காணும் பேறு அவனுக்கில்லை. பெற்ற பிள்ளையைக்கூட உறங்கும் முகமாகவே கண்டவன் அவன்.

ஆண்டவர்கள் யார்? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கே ஓதியவர்கள்! அவர்கள் நாட்டிலே எட்டு மணிநேர வேலைச் சட்டம் 1919 ஏப்ரல் 23 ஆம் நாளே பிறந்துவிட்டது. மதுப்புட்டிகள் கப்பலேறி வந்தன, தொப்பிகள் வந்தன, சட்டப் புத்தகங்களும் வந்தன. அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் கப்பலிலே இடம் கிடைக்கவில்லை போலும்!

1936 ஆம் ஆண்டுக் கோடை. பிரான்சிலே மக்கள் முன்னணி ஆட்சி அமைந்தது. லெயோன் புளூம் தலைமையமைச்சர். தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். ஜூன் மாதத்திலே வாரத்துக்கு 40 மணிநேர வேலை, ஆண்டுக்கு இரண்டு வார ஊதிய விடுமுறை என்று சட்டம் வந்தது. அந்தக் கோடையிலே பிரெஞ்சுத் தொழிலாளர் குடும்பங்கள் பல, வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைப் பார்க்கப் புறப்பட்டன. மிதிவண்டியிலும் இரயிலிலும் கூட்டங் கூட்டமாகச் சென்றார்கள். 'கடற்கரையை இந்தக் கூட்டம் கெடுத்துவிடும்' என்று செல்வர்கள் முணுமுணுத்தார்களாம். எந்த ஊர்ச் செல்வர்தான் முணுமுணுக்கவில்லை?

அதே கோடை. அதே மூவண்ணக் கொடி. இங்கே, கடலுக்கு அருகிலேயே, சங்கம் வைக்கும் உரிமையையும் மனிதன் தாங்கக்கூடிய வேலை நேரத்தையும் கேட்டவர்கள் மீது ஜூலை 30 அன்று சவானா ஆலையிலே துப்பாக்கி பாய்ந்தது. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். அங்கே விடுமுறை, இங்கே வெடிகுண்டு மருந்தின் நெடி! ஓர் அரசுக்கு இரண்டு முகம் இருப்பது புதிதன்று. ஒரே கோடையிலே இரண்டையும் காட்டிய அரசு அது.

அந்த இரத்தம் வீண்போகவில்லை. தோழர் வ. சுப்பையா பாரீசு வரை சென்று வாதாடினார். 1937 ஏப்ரலிலே ஆணை பிறந்தது: எட்டு மணிநேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை. பாரீசுக்கு 1919 இல் கிடைத்தது நம் ஆலை வாயிலை எட்டப் பதினெட்டு ஆண்டுகள்! ஆயினும் எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் ஆட்சியிலே, 1934 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி என்று நின்றது. வாரம் 48 மணி என்பது அங்கே 1946 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் வந்தது. கடலூர்த் தொழிலாளிக்கு இல்லாத மாலைப்பொழுது, ஒன்பது ஆண்டு முன்னதாகவே புதுவைத் தொழிலாளிக்குச் சட்டத்திலே எழுதப்பட்டுவிட்டது.

இப்போது ஒழுக்கவாதிகள் எழுகிறார்கள். தொழிலாளிக்கு ஓய்வு கொடுத்தால் சாராயக்கடைக்கன்றோ போவான் என்கிறார்கள். போகிறவன் இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. இந்த ஊரிலே நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டு மணிநேரம் எலும்பு நோக நின்றவனுக்கு, மிஞ்சிய அரைமணியிலே கிடைக்கும் இன்பம் எது? புத்தகம் விரிக்கக் கண்ணுக்கு வலுவில்லை. கூத்துப் பார்க்க இரவு போதாது. நண்பனோடு உரையாட நாவெழாது. விரைவிலே கிடைத்து விரைவிலே மறக்கடிப்பது ஒன்றுதான்; அதை விற்று வரும் வரியோ அரசுக் கருவூலத்தின் பெரிய வருவாய்களிலே ஒன்று! ஒரு கையால் புட்டியை விற்றுக்கொண்டு மறு கையால் ஒழுக்கம் போதிப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது.

பாரதி 1908 முதல் 1918 வரை இவ்வூரிலே அடைக்கலம் புகுந்திருந்தார். அவர் தோப்பிலே திரிந்ததையும் கடலைப் பார்த்து நின்றதையும் புலவர்கள் பூரிப்போடு பேசுகிறார்கள். கவிஞனுக்குக் கடற்கரை வேண்டும் என்பதை ஒப்புகிறவர்கள், தறியோட்டும் தொழிலாளிக்கும் வேண்டும் என்றால் மட்டும் ஏன் புருவத்தை உயர்த்துகிறார்கள்?

பழங்கதையைப் பேசி மகிழ நாம் இங்கே கூடவில்லை. அந்த ஆலைகள் இன்று ஓடவில்லை. எஞ்சியிருந்தவையும் 2020 இல் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது, சங்கொலிக்கு அஞ்சிய வாழ்வு ஓய்ந்ததா? அண்டை மாநிலத்திலே 2023 ஏப்ரல் 21 அன்று, நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வேலை வாங்க இடந்தரும் சட்ட முன்வடிவு சட்டமன்றத்திலே நிறைவேறியது. தோழமைக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே முதல் நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. வென்றோம், மகிழ்ச்சி. ஆனால் 1937 இல் பெற்றதை 2023 இல் மீண்டும் காக்க நேர்ந்ததே!

அதே மாநிலத்திலே 2021 இல் இன்னொரு சட்டம் வந்தது. கடையிலே வேலை செய்வோர் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று! உட்காருவதற்கு, தோழர்களே! நாள் முழுதும் நின்று புடவை விரித்துக் காட்டும் பெண் சற்றே உட்கார, சட்டமன்றம் கூடிச் சட்டமியற்ற வேண்டியிருந்தது. இன்பத்தைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கும் பெரியவர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்று ஞாயிறு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்களால் நம் கடற்கரை நிறைந்திருக்கிறது. வரட்டும், காற்று எல்லார்க்கும் பொது. ஆனால் அவர்கள் தங்கும் விடுதியிலே படுக்கை விரிப்பவள், தட்டுக் கழுவுபவன், உணவுப் பொட்டலத்தை முதுகிலே கட்டிக்கொண்டு பறக்கும் இளைஞன், இவர்களுக்கு ஞாயிறுதான் மிகக் கடினமான நாள். கடற்கரைக்குக் கூப்பிடு தொலைவிலே வேலை. கடலை அவர்கள் எப்போது பார்க்கிறார்கள்?

நம் வீட்டுக்குள்ளும் வருகிறேன். தாய்மார்கள் கேட்கிறார்கள், தோழர்களும் கேட்கட்டும். எட்டு மணியோடு ஆணின் வேலை முடிந்தது என்று சட்டம் சொன்னது. சமையற்கட்டிலே சங்கு ஊத எந்த ஆணை வந்தது? மாலைக் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டை அணிந்து வரும் நண்பரே, அதைத் துவைத்தது யார்? அவர் கடற்கரைக்கு வந்து எத்தனை மாதமாயிற்று? கட்சியும் தன் பங்குக்குத் தொண்டனின் மாலைகளை அள்ளிக்கொள்கிறது. ஒன்பது பேச்சாளர், ஒன்பது பொன்னாடை, இரவு பதினொரு மணி! அதைக் குறைத்தால் புரட்சி தள்ளிப்போகாது என்பது என் துணிபு.

ஜூலை 30 வருகிறது. ஆண்டுதோறும் மாலை அணிவிக்கிறோம், முழக்கமிடுகிறோம், கலைகிறோம். இம்முறை கிளைத் தோழர்கள் இப்போதே விடுதிகளுக்கும் துணிக்கடைகளுக்கும் சென்று, அங்கே உழைப்பவர்களை, குறிப்பாகப் பெண்களை, அழையுங்கள். மாலையிலே அழைத்தால் அவர்களால் வரமுடியாது. அது கடை நிறையும் நேரம். ஆகவே, வேலைக்குப் போகுமுன் அவர்கள் வந்து செல்ல ஏதுவாக, காலை எட்டு மணிக்கே கூட்டத்தை வையுங்கள். பேச்சாளர் இருவர் போதும்.