என் நாற்காலியில் சற்று அமர்ந்து பாருங்கள்



இரவல் கொடுக்கக் கூடாத பொருள்கள் சில உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒருவர் செருப்பு என்பார். இன்னொருவர் பேனா என்பார். என் பட்டியலில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அது என் சக்கர நாற்காலி. ஒரு நாள் அதையும் இரவல் கொடுத்துவிட்டேன். அதனால் விளைந்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் ராணிப்பேட்டையைச் சேர்ந்தவன். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழும் ஊர். 1998ஆம் ஆண்டு, தோல் அடுக்கி வைத்திருந்த ஒரு கிடங்கின் பரணிலிருந்து தவறி விழுந்தேன். முதுகுத் தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. அதன் பின் தோல் மண்டி ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தேன். நாற்காலியின் சக்கரத்துக்கு வெளிப்புறமாக ஒரு வளையம் இருக்கிறது. அதைக் கையால் தள்ளித் தள்ளி உள்ளங்கை காய்த்துப்போகும். அதைக் கண்ட மண்டித் தொழிலாளி ஒருவர் வெட்டித் தள்ளிய தோல் துண்டுகளைக் கொண்டு எனக்கு ஒரு ஜோடி கையுறை தைத்துக் கொடுத்தார். இன்றும் அவர் தைத்த மாதிரியைப் பார்த்துத்தான் புதிய கையுறை தைத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இலக்கிய மன்ற விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். மண்டபத்துக்கு மூன்று படிகள். நான்கு மாணவர்கள் என்னை நாற்காலியோடு தூக்கி, உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்வது போல மேலே கொண்டு சென்றார்கள். உற்சவ மூர்த்திக்குக் கீழே விழுந்துவிடுவோம் என்ற அச்சம் கிடையாது. எனக்கு இருந்தது.

விழா முடிந்து மரத்தடியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வெகு நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சார், நான் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டான். அருகிலிருந்த ஆசிரியர் பதறிப்போனார். "அப்படியெல்லாம் கேட்கலாமா? மன்னிப்புக் கேள்!" என்று அதட்டினார். பையனுடைய முகம் வாடிவிட்டது.

எனக்கோ அவன் கேட்டதில் தவறு எதுவும் தெரியவில்லை. புது மிதிவண்டியைக் கண்ட பையன் ஏறிப் பார்க்க விரும்புவதில்லையா? இத்தனை ஆண்டுகளில் என் நாற்காலியைக் கண்டு கண்களைத் திருப்பிக்கொண்டவர்கள் பலர். உச்சுக் கொட்டியவர்களும் உண்டு. ஒரு நல்ல பொருளைப் பார்ப்பது போல அதைப் பார்த்தவன் இந்தப் பையன்தான். "வா தம்பி" என்று சொல்லிப் பக்கத்திலிருந்த சிமெண்டுத் திண்ணைக்கு நகர்ந்து அமர்ந்துகொண்டேன்.

அவன் ஏறினான். வலக்கை பலத்தால் வலப்பக்கச் சக்கரத்தை ஓங்கித் தள்ளவே, நாற்காலி இடப்பக்கமாக வட்டமிட்டது. ஒரே சிரிப்பு. அடுத்தவன் ஏறினான், அதற்கடுத்தவன் ஏறினான். பின்னால் இரண்டு பேர் தள்ள, நாற்காலி மைதானத்தின் மறுகோடிக்குப் பறந்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மணியோசை எப்படிப்பட்ட கட்டளை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிடத்துக்குள் மைதானம் வெறிச்சோடிவிட்டது. தண்ணீர்க் குழாயருகே என் நாற்காலி தனியாக நின்றது. திண்ணையில் நான் தனியாக அமர்ந்திருந்தேன். இடையில் நூறு அடி தூரம் இருக்கலாம். அந்த நூறு அடி எனக்குப் பாலாற்றை வெள்ளக் காலத்தில் கடப்பதற்குச் சமம். சக்கர நாற்காலியில் இருப்பவனை "முடங்கிவிட்டான்" என்று சொல்வார்கள். அன்றைக்குத்தான் நண்பர்களே, நான் முடங்கினேன். நாற்காலியில் இருக்கும்போது நான் முடங்கியவனல்லன் என்பது அதிலிருந்து இறங்கிய பிறகுதான் எனக்கே தெளிவாயிற்று.

கால் மணி நேரம் கழித்து, பள்ளிக் காவலர் கண்டு நாற்காலியைக் கொண்டுவந்தார். அமருமுன் வழக்கம் போல மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பேனா மூடி கிடந்தது. உங்களுக்கு அது குத்தும். உடனே எழுந்து தட்டிவிடுவீர்கள். எனக்கு அங்கே உணர்ச்சி இல்லையாதலால் குத்துவது தெரியாது. அதன் மேலேயே மாலை வரை அமர்ந்திருந்தால் தோல் நசுங்கிப் புண்ணாகும். அத்தகைய அழுத்தப் புண் ஒன்று ஆறுவதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், குப்புறப் படுத்துக் கிடக்க நேரிடும். ஒரு பேனா மூடிக்கு அவ்வளவு விலை.

வீட்டுக்குத் திரும்பிய பின் பையன்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தவறு என்னுடையது. நாற்காலியைக் கொடுத்தேனே தவிர, அது இன்னது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அது விமான நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் வருவோர் போவோர்க்கெல்லாம் பொதுவாக நிறுத்தியிருக்கும் நாற்காலி அன்று. என் இடுப்பின் அகலம், தொடையின் நீளம், கை எட்டும் உயரம் இவற்றுக்கெல்லாம் அளவு பார்த்து அமைத்தது. நாம் இன்று காணும் மடக்கு நாற்காலியின் கதையும் இப்படித்தான். 1918இல் சுரங்க விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளருக்காக, அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற இயந்திரப் பொறியாளர் 1933இல் எடை குறைந்த நாற்காலி ஒன்றைச் செய்தார். பெருக்கல் குறி போன்ற சட்டத்தைக் குறுக்கே வைத்து, மடித்துக் காரில் எடுத்துச் செல்லும்படி அமைத்தார். நண்பர் ஒருவருக்கென்று செய்த பொருள்தான் பிறகு உலகெங்கும் பரவியது.

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிடம் என் நாற்காலியில் அமர்ந்த பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டார்கள்? சிரித்தவர்கள் இருக்கட்டும். ஒரு சிறுமி இறங்கி வந்து, "ரொம்பக் கஷ்டம் சார், பாவம் நீங்க" என்று கண் கலங்கினாள். அவள் கண்டது என் வாழ்க்கையை அன்று. பழக்கமில்லாத கையின் தடுமாற்றத்தை. நீச்சல் தெரியாதவனைக் குளத்தில் தள்ளிவிட்டு, மீனின் வாழ்க்கை எப்படி என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டுகிறது. உடற்குறை உள்ளவரைப் போல மாணவர்களைச் சிறிது நேரம் நடந்துகொள்ளச் செய்து பார்த்தார்கள். மாணவர்களுடைய பரிவு வளர்ந்தது. அதனோடு அச்சமும் இயலாமை உணர்வும் சேர்ந்து வளர்ந்தன.

பத்து நிமிடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிய, எங்கள் ஊரிலிருந்து வேலூருக்குப் போக வேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1870இல் பிறந்தது எங்கள் ராணிப்பேட்டையில்தான் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கல்லூரியில் பயின்று மருத்துவரானவர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் நேர்ந்த ஒரு வாகன விபத்தில் அவருடைய கால்கள் இயங்காமற்போயின. அறுவை மருத்துவராக வேண்டும் என்ற ஆசையும் அத்தோடு முடிந்தது என்றே தோன்றியது. அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் சீர்படுத்திவந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாமே என்றார். கால்கள் அசையாத மருத்துவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து, விரல்கள் அசையாத நோயாளியின் கையைத் திருத்தினார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986இல் அவர் மறைந்தார்.

நான் விழுந்த பிறகு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அந்தப் பாகாயம்தான். முன்சக்கரத்தை உயர்த்தி வாசற்படியைத் தாண்டவும், சரிவில் பின்னோக்கி உருளாமல் ஏறவும், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே கைகளை ஊன்றி மாறவும் அங்கே கற்றேன். மாதங்கள் ஆயின. அந்த மாதங்களை நான் யாருக்கும் பத்து நிமிடத்தில் இரவல் கொடுக்க முடியாது. ஆனால் வேறொன்றைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த வாரம் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு அதே பள்ளிக்கு மறுபடியும் சென்றேன். இம்முறை பழைய நாற்காலி ஒன்றையும் உடன் கொண்டுபோனேன். இறங்கி மாறுவதில்லை என்பது என் முதல் நிபந்தனை. ஏறுகிறவருக்கு ஒரு வேலை உண்டு என்பது இரண்டாவது. ஓடிப் பந்தயம் விடுவது வேலையாகாது. நீங்கள் நாள்தோறும் செய்கிற காரியம் ஒன்றைச் செய்துவிட்டு வர வேண்டும் என்றேன். முன்பு திட்டு வாங்கிய பையனை நூலகத்துக்கு அனுப்பினேன். கண் கலங்கிய சிறுமியைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். நான் பக்கத்திலேயே என் நாற்காலியில் உருண்டு சென்று, சக்கரத்தை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் காட்டினேன்.

நூலகத்துக்கும் மண்டபத்தைப் போலவே மூன்று படிகள். பையன் படியடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். குழாயோ, முழங்கால் உயரமுள்ள சிமெண்டு மேடையின் நடுவில் இருந்தது. சிறுமி மேடையை மூன்று பக்கமும் சுற்றி வந்தாள். கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. திரும்பி வந்தபோது அவள் கண்ணில் நீர் இல்லை, கோபம் இருந்தது. "நாற்காலி நன்றாகத்தான் சார் இருக்கிறது. குழாயை யார் சார் அங்கே கட்டினார்கள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னென்பேன்! போன வாரம் அவள் என்னைப் பார்த்து வருந்தினாள். இந்த வாரம் குழாயைப் பார்த்துச் சினந்தாள்.

பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டோம். ஒரு படி 6 அங்குலம். மூன்று படிக்கு 18 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் கூறும் கணக்கு. அப்படியானால் 18 அடி நீளம் வேண்டும். கணக்குப் போட்ட பிள்ளைகளுக்கு வியப்புத் தாங்கவில்லை. ஏனென்றால் அலுவலக வாசலில் ஏற்கெனவே ஒரு சாய்தளம் இருந்தது. அதே மூன்று படிக்கு 5 அடி நீளந்தான். அது இருசக்கர வண்டியை ஏற்றி நிறுத்துவதற்காகக் கொத்தனார் போட்டது. அதில் நான் ஏற முயன்றால் நாற்காலி மல்லாந்துவிடும். சாய்தளம் இருக்கிறது என்று கணக்குக் காட்டுவதற்கும், அதில் ஒருவர் ஏறுவதற்கும் உள்ள வேற்றுமை அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் கொத்தனாரிடம் யாரேனும் அளவைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் படம் வரைந்து தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் பெற்றோர் கூட்டத்தில் வைத்தார். அடுத்த ஆண்டு மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் 18 அடிச் சாய்தளங்கள், இரு பக்கமும் கைப்பிடிக் குழாயுடன் வந்தன. அதே இலக்கிய மன்ற விழாவுக்கு நானே உருண்டு ஏறிப்போனேன். முன்பு என்னைத் தூக்கிய நால்வரில் ஒருவன், தனக்கு வேலை போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொண்டான்.

குழாய் மேடை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. வருகிற கோடை விடுமுறையில் இடித்துக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தப் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் ஒரு புட்டித் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.