சொல் தெளிந்தால் பொருள் தெளியும்
(கலூரில் தமிழ் மாணவர்களும் அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



கலூரிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் பெரியாற்றங்கரையிலுள்ள ஏலூரை அடையலாம். அங்குள்ள உத்யோகமண்டலில் 1947இல் எஃப்.ஏ.சி.டி. நிறுவனம் உர உற்பத்தியைத் தொடங்கியது. 1952இல் இந்திய அருமண் நிறுவனத்தின் மோனசைட் ஆலை அமைந்தது. காஸ்டிக் சோடா ஆலையும் டி.டி.டி. ஆலையும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே எழுந்தன. இவ்வளவு அருகில் இருந்தும், அவற்றைப் பற்றிப் பேசும்போது ‘இரசாயனம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். அச்சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் அணுவைக் காண்போம். அணுவின் நடுவே அணுக்கரு உண்டு என்பதை 1911இல் ரூதர்ஃபோர்டு நிறுவினார். இந்தக் கலூரிலுள்ள விளையாட்டு அரங்கின் அளவுக்கு ஓர் அணுவைப் பெருக்கினால், அணுக்கரு அதன் நடுவில் வைத்த ஒரு மிளகின் அளவே இருக்கும். ஆயினும் அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் அம்மிளகிலேயே அடங்கியிருக்கிறது. அணுக்கருவில் நேர்மின் ஏற்றமுள்ள புரோட்டான்களும், மின்னேற்றமற்ற நியூட்ரான்களும் உள்ளன. எஞ்சிய பெருவெளியில் எதிர்மின் ஏற்றமுள்ள எலக்ட்ரான்கள் அமைந்துள்ளன.

புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண் ஆகும். ஒரே அணு எண் கொண்ட அணுக்களாலான பொருள் தனிமம். வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் குறித்த விகிதத்தில் பிணைந்து உண்டாவது சேர்மம். புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்கள் ஐசோடோப்புகள். இந்நான்கு சொற்களும் வேதியியலின் அரிச்சுவடி எனலாம்.

நம் வீட்டு உப்பை எடுத்துக்கொள்வோம். சோடியத்தின் அணு எண் 11. அதன் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கடுக்காக அமைந்துள்ளன. குளோரினின் அணு எண் 17. அதன் அடுக்குகள் 2, 8, 7. சோடியம் தன் வெளி எலக்ட்ரானைக் கொடுக்கிறது; குளோரின் அதனைப் பெறுகிறது. இவ்வாறு மின்னேற்றம் அடைந்த துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். நீரில் இட்டால் சீறும் உலோகமும், நுகர்ந்தால் உயிருக்கு ஊறு செய்யும் வாயுவும் சேர்ந்து, நாம் நாள்தோறும் உண்ணும் உப்பு ஆகின்றன. சேர்மத்தின் குணம் அதன் தனிமங்களின் குணம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இதே உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கின்றன.

அந்தக் காஸ்டிக் சோடாதான் மோனசைட்டைச் சிதைக்கவும் பயன்பட்டது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். இன்று தமிழ்நாட்டில் உள்ள மணவாளக்குறிச்சியும், கேரளத்தின் சவராவும் அம்மணலுக்குப் பெயர் பெற்றவை. அக்காலத்தில் வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் ஆக்சைடு தேவைப்பட்டது. அணுக்கரு ஆற்றல் பிற்காலத்தில் வந்த பயனாகும்.

மோனசைட் ஒரு பாஸ்பேட்டு. அதில் தோரியத்துடன் ‘அருமண்’ தனிமங்களும் உள்ளன. இப்பெயர் நம்மை இருமுறை ஏமாற்றுகிறது. அவை மண் அல்ல, உலோகங்கள். பழைய வேதியியலில் ஆக்சைடை மண் என்று வழங்கியதன் எச்சமே இச்சொல். அவை யாவும் அரியனவும் அல்ல. புவியோட்டில் சீரியம் ஏறத்தாழத் தாமிரத்தின் அளவுக்கு உண்டு. அரியது அவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையே. அணு எண் 57 முதல் 71 வரை செல்லும் இவ்வரிசையில், புதிதாகச் சேரும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் உள்ளடுக்கிலேயே இடம் பெறுகின்றன. வெளித்தோற்றம் ஏறத்தாழ மாறுவதில்லை. வேதிவினை வெளி எலக்ட்ரான்களைப் பொறுத்ததாதலால், உடன்பிறந்தாரைப் போன்ற இவற்றைப் பிரிக்க மீண்டும் மீண்டும் கரைத்துப் பிரிக்கும் நீண்ட முறைகள் வேண்டியுள்ளன.

தோரியத்தின் கதையோ அணுக்கருவைச் சார்ந்தது. அதன் அணு எண் 90. நிறை எண் 232. அது ஒரு நியூட்ரானை ஏற்றால், சில படிகளுக்குப் பின் யுரேனியம் 233 ஆகிறது. அந்த யுரேனியத்தை எரிபொருளாகக் கொண்டு கல்பாக்கத்தின் காமினி ஆய்வு உலை 1996இல் இயங்கத் தொடங்கியது.

இனி, இச்சொற்களால் நமக்கு ஆவதென்ன? ஒரு கழிவைப் பற்றி முடிவு செய்ய வேண்டிய அலுவலரை எண்ணிப் பாருங்கள். டி.டி.டி. ஒரு சேர்மம். 14 கார்பன், 9 ஹைட்ரஜன், 5 குளோரின் அணுக்கள் சேர்ந்தது அதன் மூலக்கூறு. தக்க உலையில் உயர்ந்த வெப்பத்தில் அதனைச் சிதைக்கலாம். வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடைக் காரத்தால் நடுநிலையாக்கலாம். முடிவில் மிஞ்சுவது உப்பே. காஸ்டிக் சோடாத் தொழிலில் முன்பு மின்கலங்களில் பயன்பட்ட பாதரசமோ தனிமம். எரித்தாலும் கரைத்தாலும் அது அழியாது. வடிவமும் இடமும் மட்டுமே மாறும். எனவே அதனைத் தேடிச் சேகரித்துக் காப்பதே வழி. தோரியமும் அத்தகையதே, மேலும் அது கதிரியக்கம் உடையது. எந்த அமிலத்தில் இட்டாலும் அதன் கதிரியக்கம் குறையாது; ஏனெனில் வேதிவினை அணுக்கருவைத் தொடுவதில்லை. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஆகவே, “இது தனிமமா, சேர்மமா, கதிரியக்கப் பொருளா?” என்பதே எக்கழிவைக் குறித்தும் கேட்க வேண்டிய முதல் வினா. ‘இரசாயனக் கழிவு’ என்று மட்டும் கோப்பில் எழுதினால் அவ்வினாவே எழாது போய்விடும்.

தமிழில் இச்சொற்கள் எளிதில் வந்தவை அல்ல. 1946இல் ‘திண்ணை ரசாயனம்’ எழுதிய இராஜாஜி, அதற்கு 30 ஆண்டுகள் முன்னரே சேலத்தில் அறிவியல் கலைச்சொல் முயற்சியில் ஈடுபட்டவர். நாம் தனிமம் என்பதை ஈழத்துத் தமிழர் மூலகம் என்பர். நமக்குச் சேர்மம், அவர்களுக்குச் சேர்வை. சொல் வேறாகலாம், கருத்து மயங்குதல் ஆகாது.

மாணவர்களே, இவ்வரையறைகளைத் தேர்வுக்காக மட்டும் நெட்டுருச் செய்யாதீர்கள். அலுவலர்களே, பொதுமக்கள் ஓர் ஆலையைப் பற்றி அஞ்சி வினவும்போது, ‘கவலை வேண்டாம்’ என்று கூறுவதோடு நிறுத்தாதீர்கள். எப்பொருள், எவ்வடிவில், எவ்வளவு என்று அவர்களுக்கு விளங்கும் மொழியில் கூறுங்கள். அச்சத்தை நீக்கவும், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சச் செய்யவும் அந்தத் தெளிவு ஒன்றே துணையாகும்.