பள்ளி முடிந்த மறுநாள்

பிள்ளை பாடசாலைக்குச் சென்ற முதல்நாளை எந்தக் குடும்பமும் மறப்பதில்லை. புதுச் சட்டை அணிவித்து, கையைப் பிடித்து அழைத்துச் சென்று, ஆசிரியரிடம் ஒப்படைத்த அந்த நாள் வீட்டிலே ஒரு திருநாளாகவே கொள்ளப்படும். பாடசாலையை விட்டு நீங்கும் நாளை அவ்வாறு எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஒரு வாயிலைக் கடந்து மற்றொரு வாயிலுட் புகும் நாள். ஆனால், ஓட்டிசம் எனப்படும் இயல்போடு பிறந்த பிள்ளையின் தாய்க்கு அந்நாள் அத்துணை எளியதன்று. “நாளைக் காலையிலே இவன் எங்கே போவான்?” என்ற வினா, பல ஆண்டுகளுக்கு முன்னரே அவளுடைய நெஞ்சிற் குடிகொண்டுவிடுகிறது. அந்த வினாவுக்கு விடை காண முயன்ற சில சிறப்புப் பாடசாலைகளைப் பற்றியதே இப்பேச்சு.

ஓட்டிசம் தொற்றுநோயுமன்று, வளர்ப்பின் குறையுமன்று. மூளையின் வளர்ச்சியிலே தொடக்கத்திலிருந்தே அமையும் ஒரு வேறுபாடு அது; வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. பிறர் முகக்குறிப்பையும், சொல்லாமற் சொல்லும் கருத்தையும் உணர்ந்து கொள்ளல் இத்தகையோர்க்கு அரிது. வழக்கமான ஒழுங்கு மாறினால் மனங் கலங்குவர். பிறர் பொருட்படுத்தாத ஓசையும் ஒளியும் தொடுகையும் அவர்களை வருத்தக்கூடும். ஏதேனும் ஒரு பொருளிலே ஆழ்ந்து ஈடுபடுதலும் உண்டு. அவர்களுட் சிலர் வாய்திறந்து பேசுவதேயில்லை. சிலர் பல்கலைக்கழகப் பட்டம் பெறுகின்றனர். ஆதலின் எல்லார்க்கும் ஒரே அளவிலே தைத்த சட்டை இங்கே பொருந்தாது.

இவ்வியல்பைத் தனியே பிரித்தறிந்து, 1943ஆம் ஆண்டிலே பதினொரு பிள்ளைகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டவர் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் வாழ்ந்த லியோ கன்னர் என்னும் வைத்தியர். அவர் அதனோடு நின்றுவிடவில்லை. ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1971இல், அப்பதினொருவரும் என்ன ஆயினர் என்று தேடிப் பார்த்தார். அரசாங்க மனநோய் விடுதிகளிலே அடைக்கப்பட்டோர், சிறுவயதில் தம்மிடமிருந்த திறமைகளையும் இழந்து ஒடுங்கிப் போயிருந்தனர். வேறு வழியிலே வளர்ந்த ஒருவர் ஓர் அலுவலகத்திற் பிரதியெடுக்கும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தார். மற்றொருவர் வங்கியிலே உத்தியோகம் பார்த்தார். அவரே கன்னருடைய ஏட்டில் முதலாவதாக இடம்பெற்ற டொனால்ட் டிரிப்லெட்.

டொனால்ட் 1933ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரெஸ்ட் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். எண்ணுவதிலும் அளப்பதிலும் தணியாத வேட்கை கொண்ட பிள்ளை. ஏறக்குறைய ஒன்பது வயதிலே, பெற்றோர் அவரை ஊருக்கு அப்பாலிருந்த ஒரு பண்ணைத் தம்பதியரிடம் தங்கி வளரும்படி அனுப்பினர். அத்தம்பதியர் உளநூல் கற்றவரல்லர். எனினும், அவர்கள் செய்த காரியம் வியப்புக்குரியது. எதையும் அளந்து பார்க்க வேண்டுமென்ற பிள்ளையின் ஆவலைத் தடுக்காமல், கிணறு ஒன்றைத் தோண்டவிட்டு, அதன் ஆழத்தை அளந்து சொல்லும்படி பணித்தனர். சோளப்பயிரின் வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தபோது, “உழுதுகொண்டே எண்ணு” என்று கலப்பையைக் கையிலே கொடுத்தனர். கன்னர் அங்கே சென்றபொழுது, அச்சிறுவன் குதிரையைத் திருப்பித் திருப்பி நேராக உழுவதைக் கண்டு வியந்தார். அயலிலிருந்த கிராமப் பாடசாலையும் அவருடைய விசித்திரங்களைப் பொறுத்து ஏற்றுக்கொண்டது. டொனால்ட் 1958இல் மில்சப்ஸ் கல்லூரியிலே பட்டம் பெற்றார். ஊர் வங்கியிற் பணியாற்றினார். தனியே உலகின் பல நாடுகளுக்குப் பயணஞ் செய்தார். 2023ஆம் ஆண்டிலே தமது எண்பத்தொன்பதாம் வயதிற் காலமானார்.

கேட்போர்க்கு இது இனிய கதை. ஆயினும், ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அந்த வங்கி டொனால்டின் தாய்வழிக் குடும்பத்தாருடையது. எல்லாப் பிள்ளைகளின் பாட்டன்மாரும் வங்கி வைத்திருப்பதில்லை. நல்லதொரு பண்ணைக் குடும்பமும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நற்பேற்றினால் ஒருவருக்குக் கிடைத்ததை முறையான கல்வியினாற் பலருக்கும் கிடைக்கச் செய்வதற்கே சிறப்புப் பாடசாலை வேண்டப்படுகிறது.

இலண்டன் மாநகரிலே சிபில் எல்கர் என்ற அம்மையார் இத்தகைய பிள்ளைகள் சிலரை 1960களின் தொடக்கத்திற் கற்பிக்கத் தொடங்கியது தமது வீட்டின் கீழ்த்தளத்திலேதான். இவர் மொண்டிசோரி முறையைக் கற்றவர். “இவர்கள் கற்கமாட்டார்” என்று பலரும் கைவிட்ட காலம் அது. எல்கர் அம்மையாரோ, தெளிந்த சுருங்கிய சொல்லாலும், மாறாத நேர ஒழுங்காலும், கையினாற் பொருளைத் தொட்டுச் செய்யும் பயிற்சியாலும் அவர்கள் கற்பர் என்பதைக் காட்டினார். 1962இலே ஒரு சங்கமாகத் திரண்ட பெற்றோர், அவரைத் தலைமையாசிரியராகக் கொண்டு, 1965இல் ஈலிங் என்ற பகுதியிலே ஒரு பாடசாலையை நிறுவினர்.

சில ஆண்டுகளுள் அங்கே புதியதொரு சிக்கல் எழுந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். பத்தாண்டு முயன்று பேசவும் உண்ணவும் உடுக்கவும் எழுதவும் பழக்கிய பின்னர், அவர்களை மனநோய் விடுதிக்கு அனுப்புவதா? எல்கர் அம்மையாரும் பெற்றோரும் அதற்கு இணங்கவில்லை. 1974ஆம் ஆண்டிலே சொமர்செற் மாவட்டத்தின் நாட்டுப்புறத்தில், வளர்ந்தோர் வாழ்ந்து தொழில் செய்வதற்குரிய இல்லமொன்று திறக்கப்பட்டது. தோட்டவேலையும் கைப்பணியும் அங்கே நாளாந்தக் கடமைகளாயின. அம்மையாரும் தமது மாணாக்கரோடு அவ்விடம் சென்று பொறுப்பேற்றார். ஆசிரியரின் கடமை பாடசாலை வாயிலோடு முடிவதில்லை என்பதை அவர் தம் வாழ்வினாலே காட்டினார்.

எனினும் ஆசிரியர் எக்காலமும் உடன்வருதல் இயலாது. ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் மாணாக்கன் தன் காரியத்தைத் தானே செய்யும்படி ஆக்குவது எப்படி? இதற்கு ஒரு முறையை வகுத்தவர், அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய எரிக் ஷொப்லர் என்ற உளவியலாளர். தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணமென்ற கொடிய கொள்கை பரவியிருந்த அந்நாளிலே, அவர் அதனை மறுத்து, பெற்றோரைத் தம்மோடு சேர்ந்து கற்பிப்போராக ஏற்றார். 1972இல் அம்மாநிலச் சட்டசபை அவருடைய திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் உரியதாக்கியது.

அம்முறையின் அடிப்படை மிக எளியது. சொல் காற்றிலே மறைந்துவிடும். படம் கண்முன் நிற்கும். ஆதலின், மாணாக்கனுடைய மேசையிலே நான்கு வினாக்களுக்கு விடை கண்ணாற் காணும்படி அமைக்கப்படுகிறது. என்ன வேலை? எவ்வளவு வேலை? முடிந்ததை எவ்வாறு அறிவது? அடுத்து யாது? இடப்பக்கத்திலே செய்யவேண்டிய வேலை மூன்று கூடைகளில் இருக்கும். செய்து முடித்தவை வலப்பக்கஞ் செல்லும். இடப்பக்கம் வெறுமையானால் வேலை முடிந்தது. அதன்பின் செய்யவேண்டியதை ஓர் அட்டை காட்டும். ஆசிரியர் முதலிற் கைபிடித்துக் காட்டுவார். பின்னர் விரலாற் சுட்டுவார். பின்னர் தள்ளி நிற்பார். இறுதியில் அறையை விட்டே நீங்குவார். எட்டு வயதிலே ஒவ்வோர் அடிக்கும் ஆசிரியரின் ஏவலை எதிர்பார்க்கும் பிள்ளை, இருபது வயதிலும் ஒருவரின் ஏவலுக்காகவே காத்திருக்கும். அவ்வாறின்றி, ஆறு வயதிற் படமாக இருந்த அட்டையே பதினாறு வயதிற் கடைக்குக் கொண்டுசெல்லும் பட்டியலாகி, இருபது வயதில் தொழிலாளியின் குறிப்பேடாகிறது. ஆதலால், வளர்ந்தோர் வாழ்வுக்கான பயிற்சி முதலாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறதன்றோ?

இவ்வளவு பழக்கியும் ஓர் இடர் எஞ்சும். ஓரிடத்திற் கற்றதை வேறோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதல் இவர்களுட் பலருக்குக் கடினம். பாடசாலைச் சமையலறையிலே தேநீர் தயாரிக்கும் பிள்ளை, வீட்டு அடுப்பின்முன் செய்வதறியாது நிற்றல் உண்டு. எனவே, தொழிலைத் தொழில் நடக்கும் இடத்திலேயே கற்பித்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட அமெரிக்கக் கல்விச் சட்டம், விசேட கல்வி பெறும் மாணாக்கர்க்குப் பதினாறு வயதாகும் பொழுதே, பாடசாலைக்குப் பிந்திய வாழ்வுக்கான திட்டத்தைப் பாடசாலை எழுதிவைத்தல் வேண்டுமென விதித்தது. 1996இலே சின்சினாட்டி நகரின் சிறுவர் வைத்தியசாலையில் தோன்றிய ஒரு திட்டம், மாணாக்கரின் இறுதிப் பள்ளியாண்டை வைத்தியசாலைக்குள்ளேயே நடத்தியது. பொருள்களை அறைதோறும் நிரப்புதல், கருவிகளைத் தொகுதியாக அடுக்குதல் போன்ற உண்மையான வேலைகளை அவர்கள் பகுதி பகுதியாக மாறி மாறிப் பழகுவர். ஆசிரியரும் தொழிற் பயிற்றுநரும் அருகிருப்பர்.

வர்ஜீனியா மாநிலத்திலே அத்திட்டத்தை ஓட்டிசமுடைய இளைஞர்க்கேற்பத் திருத்தி நடத்திய ஆராய்ச்சியொன்று 2014இல் வெளியாயிற்று. வைத்தியசாலையிற் பயின்ற 24 பேருள் 21 பேர் ஊதியத்துடன் தொழில் பெற்றனர். வழக்கமான விசேட கல்வியை மட்டும் பெற்ற 16 பேருள் தொழில் பெற்றவர் ஒருவரே. எண்ணிக்கை சிறிதெனினும், இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் இயலாது.

இத்தகைய இடங்களிலே அறியப்பட்டதொரு செய்தி சிந்தனைக்குரியது. வேலையைக் காட்டிலும் இடைவேளையே இவ்விளைஞர்க்கு இடர் தருகிறது. வேலைக்கு ஒழுங்குண்டு; இடைவேளைக்கு இல்லை. எங்கே அமர்வது, யாரோடு பேசுவது, எப்போது எழுவது என்பவற்றை எவரும் எழுதிவைப்பதில்லை. பிறர் தாமே அறிந்துகொள்ளும் இவற்றையும் பாடமாகக் கற்பித்தல் வேண்டும். தொழில்தருநரும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. “நேரங் கிடைத்தால் இதையுங் கொஞ்சம் பார்” என்றால் அது இவர்களுக்குக் குழப்பம். “பத்து மணிக்கு இந்த இருபது பெட்டிகளையும் இத்தட்டிலே அடுக்கு” என்றால் அது தெளிவு. அத்தகைய தெளிவு ஏனைய தொழிலாளர்க்கும் நன்மையே செய்யும்.

ஊதியம் பெறுவதொன்றே வளர்ச்சிக்கு அளவுகோல் என்று கொள்ளலாகாது. வாழ்நாள் முழுவதும் துணை வேண்டுவோரும் பலர் உளர். அவர்களுக்கும் இளமைப் பருவம் வருகிறது, உடல் மாறுகிறது. தானே குளித்தல், கதவைச் சாத்திக்கொள்ளல், தகாத தொடுகையை மறுத்தல், இரு சட்டைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல், பேச இயலாவிடினும் படத்தைக் காட்டி “வேண்டாம்” என்று உணர்த்தல், இவையெல்லாம் வளர்ந்தோர்க்குரிய பேறுகளே. எதற்கும் பணியும்படி மட்டும் பழக்கப்பட்ட பிள்ளை, தீயோருடைய ஏவலுக்கும் பணிந்துவிடும். கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் பாடசாலை மறுக்கும் உரிமையையும் கற்பித்தாலன்றி அக்கல்வி நிறைவுபெறாது.

இலங்கையிலே அரசாங்கப் பாடசாலைகள் பலவற்றில் விசேட கல்வி அலகுகள் உள்ளன. அங்கே பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், “என் பிள்ளை எத்தனை எழுத்துக் கற்றது?” என்று கேட்பதோடு அமையாது, “ஆசிரியர் அருகில் இல்லாமல் எதைச் செய்யக் கற்றது?” என்றும் கேட்டல் நன்று. பட அட்டை செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழைய கடதாசிப் பெட்டியும் வண்ணப் பென்சிலும் போதும். வீட்டிலும் அதே ஒழுங்கைப் பேணலாம். கடை வைத்திருப்போரும், அச்சகம் நடத்துவோரும், பண்ணையுடையோரும் வாரத்தில் ஒரு நாளேனும் இத்தகைய மாணாக்கன் ஒருவனுக்கு ஓர் உண்மையான வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்த சிறுவனுக்கு ஒரு பண்ணைக்காரர் கலப்பையைக் கொடுத்தது போன்ற காரியமே அது.

“நாளைக் காலையிலே இவன் எங்கே போவான்?” என்று கேட்கும் தாய்க்கு, பாடசாலை இறுதி நாளிலே விடை தேடிக் கொடுத்தல் இயலாது. முதல்நாள் அவள் தன் பிள்ளையின் கையை ஆசிரியரிடம் ஒப்படைத்தபோதே அவ்விடையைத் தேடத் தொடங்கியிருத்தல் வேண்டும்.