சாட்டையடி என்னும் சொல்



நாளிதழைப் புரட்டினால் 'சாட்டையடி' என்னும் சொல் அடிக்கடி கண்ணிற்படுகின்றது. சட்டமன்றத்தில் ஒருவர் சூடாக மறுமொழி கூறினால் அது சாட்டையடி. நம் மாணவர்களும் இச்சொல்லைக் கட்டுரைகளில் தாராளமாக எடுத்தாளுகின்றனர். அதை நாம் குறைகூறவில்லை. பொருள் விரிதல் மொழிக்கு இயல்பே. ஆயினும் அச்சொல் விழுந்த முதுகு யாருடையது என்பதை நாமேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

சாட்டை தீய சொல்லன்று. பம்பரம் சுற்றும் கயிறும் சாட்டைதான். கசை வடமொழிவழி வந்தது. பாரசீகச் 'சாபுக்' உருதுவின் வழியே சவுக்கு ஆயிற்று. தஞ்சைப் பண்ணைகளில் வழங்கியது இந்தச் சவுக்கே. அங்கே அது தனித்து வழங்கவில்லை. 'சாணிப்பால், சவுக்கடி' என்று இணைந்தே வழங்கிற்று. மிராசுதாரின் சினத்துக்கு ஆளான பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பர். சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்வர்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் கசையடிச் சட்டம் ஒன்று இருந்தது. 1864இல் பிறந்த அத்தண்டனை 1955இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி 30 அடிக்கு மேற்படலாகாது. குற்றவாளியின் உடல் தாங்குமா என்றும் பார்த்தாக வேண்டும். திருடனுக்கு எண்ணி அடித்தார்கள். உழைத்துச் சோறிட்டவனுக்கு எண்ணிக்கையும் இல்லை, விசாரணையும் இல்லை!

பண்ணைச் சவுக்கு எவர் கருணையாலும் கீழே விழவில்லை. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் சேரி சேரியாகச் சென்று விவசாயச் சங்கம் கண்டனர். அவர் பிறந்தது கன்னட நாட்டில்; தமிழைப் பின்னர்க் கற்றவர். சங்கமாகத் திரண்ட பின்னரே மிராசுதாரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்து அமர்ந்தனர். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1952இல்தான்.

இளைஞர்கள் இன்னொன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது முதலாவதாக எதை வைக்கின்றது தெரியுமா? உண்ணத்தகாத, அருவருப்பான பொருளை உண்ணவோ பருகவோ வற்புறுத்துதல். சாணிப்பால் என்னும் சொல் அங்கே இல்லை. ஆனால் கீழத்தஞ்சையில் நடவு நட்ட கிழவி ஒருத்திக்கு அவ்வரியைப் படித்துக் காட்டுங்கள்; எதைச் சொல்கிறது என்று அவளே உங்களுக்குச் சொல்வாள்.