வாளியும் மரக்காலும்



காவிரியைப் பற்றியும், பெரிய கோயிலைப் பற்றியும், சரசுவதி மகாலின் சுவடிகளைப் பற்றியும் விரித்துரைக்க வல்லவர்கள் பலர் இம்மன்றத்தில் வீற்றிருக்கையில், கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கும் வாளியையும், களத்துமேட்டில் நெல்லளந்த மரக்காலையும் பேசுபொருளாக எடுத்துக்கொண்டு நான் நிற்பதற்குக் காரணம் உண்டு. பணத்தையும் ஈகையையும், கல்வியையும் அடக்கத்தையும், நம்பிக்கையையும் வஞ்சனையையும் குறித்து நாம் அன்றாடம் பேசும் எத்தனையோ வாக்கியங்கள் இவ்விரண்டு எளிய பாத்திரங்களின் வயிற்றிலிருந்து பிறந்தவை என்பதும், அவற்றைப் படைத்தவர்கள் ஏடெழுதிய வித்துவான்கள் அல்லர், கயிறு பிடித்துக் கை காய்த்துப்போன சாமானிய ஜனங்களே என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம். அந்த ஜனங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை நினைவூட்டவே வந்தேன்.

சோழவளநாடு பாத்திரங்களின் நாடு. அகத்தியருடைய கமண்டலத்தைக் காக்கை வடிவில் வந்த விநாயகர் கவிழ்த்துவிட, அதிலிருந்த நீரே காவிரியாகப் பெருகிற்று என்று புராணம் சொல்கிறது. அந்த முனிவரோ குடத்திலே பிறந்தவராதலால் குடமுனி எனப் பெயர் பெற்றவர். பிரளயத்தில் மிதந்துவந்த அமுத கும்பம் உடைந்த இடம் கும்பகோணம் என்றும், அக்கும்பத்தின் வாய் விழுந்த தலம் குடவாசல் என்றும் தலபுராணங்கள் கூறும். ஐயாற்றை அடுத்து ஓடும் ஆற்றுக்குக் குடமுருட்டி என்று பெயர். வற்றாத அமுதசுரபியை ஏந்தி மணிமேகலை பசிப்பிணி தீர்த்த பூம்புகாரும் இந்நாட்டின் கடற்கரையே. புராணத்தையும் காவியத்தையும் விட்டுச் சரித்திரத்துக்கு வந்தாலும் இதுவே நிலை. முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீவிமானத்து உச்சியில் வைப்பதற்காகக் கொடுத்தது ஒரு செப்புக்குடம் என்று அக்கோயில் கல்வெட்டே சாட்சி சொல்கிறது. இவையெல்லாம் போற்றி வணங்கப்பட்ட பாத்திரங்கள். நான் பேச வந்தவை யாரும் வணங்காத பாத்திரங்கள்.

ஆறு பாய்கிற நாட்டிலே இறைப்புக்கு என்ன வேலை என்று வெளியூர் அன்பர்கள் கேட்கக்கூடும். வாய்க்கால் தாழ்ந்தும் வயல் மேடாகவும் அமைந்த இடங்களிலும், முறைத் தண்ணீர் மெலிந்து வந்துசேரும் கடைமடைப் பகுதிகளிலும், நாற்றங்கால் காய்ந்துவிடுமோ என்று நெஞ்சு பதைக்கும் நாட்களிலும், கைக்கருவி கொண்டு நீரை ஏற்றியே பயிரைக் காப்பாற்றினார்கள். இறைகூடையை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலின் இருபுறமும் இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு கயிறாகப் பிடித்துக்கொண்டு, முன்சாய்ந்து கூடையை நீரில் தோய்த்து, பின்சாய்ந்து அதனை மேலே வீசி, மேட்டு வயலின் வாய்மடையில் கவிழ்ப்பார்கள். ஒருவர் கை இமைப்பொழுது பிந்தினாலும் கூடை ஒருபக்கம் சரிந்து, முகந்த நீர் முழுவதும் மீண்டும் வாய்க்காலிலேயே விழும். ஆகவே பிடிப்பவர் இருவரானாலும் மூச்சு ஒன்றாக இருக்கவேண்டும். ஏற்றமோ இன்னும் கடினமானது. உயரத்தில் ஆடும் ஏற்றமரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் நீர் முகக்கும் சாலைத் தாழ்த்தி, நிரம்பியதும் பற்றிச் சாய்ப்பார். அவர் பாடுகிற ஏற்றப்பாட்டிலேயே இதுவரை இறைத்த சால்களின் கணக்கும் வந்துகொண்டிருக்கும். கணக்கேடும் பாட்டும் ஒன்றாக இருந்த தொழில் அது.

தேரழுந்தூரிலே பிறந்தவர் என்று நாம் பெருமை கொள்ளும் கம்பரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. ஏற்றம் இறைப்பவன் மூங்கிலிலைமேல் நின்ற பனித்துளியைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தானாம். பொழுது சாயவே பாட்டை நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டானாம். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் எண்ணிப் பார்த்தும் பிடிபடாத கவிச்சக்கரவர்த்தி, மறுநாள் விடியலில் மீண்டும் அதே கிணற்றடிக்கு வந்து அவன் வாயிலிருந்து அதனைக் கேட்டு மகிழ்ந்தாராம். இது நடந்ததா என்பதைவிட, இப்படி ஒரு கதையைத் தமிழ் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிது. தம்முடைய பெருங்கவிஞரை ஏற்றக்காரனின் வாய் பார்த்து நிற்க வைத்ததில் அவர்கள் ஒரு தீர்ப்பை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இனி அந்த ஜனங்களின் பேச்சுக்கு வருவோம். பயனற்ற உழைப்பை 'விழலுக்கு இறைத்த நீர்' என்கிறோம். பட்டணத்துப் பிரசங்கி அதனை ஓர் அலங்காரமாக எடுத்தாளலாம்; ஆனால் நிலவொளியில் தொடங்கிப் பொழுது விடியும்வரை கூடை வீசியவன், தான் ஏற்றிய நீரெல்லாம் நாற்றைச் சேராமல் கரையோரத்துக் கோரையிலும் விழலிலும் சுவறிப்போனதைக் கண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற வேதனை அதற்குள் இருக்கிறது. 'இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்' என்பதை ஈகைக்கும் கல்விக்கும் உபமானமாக ஆசிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஊற்றுக்கண் அடைபட்ட கிணற்றில் இறங்கித் தூர்வாரியவன் கண்டறிந்த உண்மை அது. 'நிறைகுடம் தளும்பாது' என்ற வாக்கியம் அறிவுடையோரின் அடக்கத்துக்கு இலக்கணமாகிவிட்டது. ஆயினும் அதனை முதலிற் சொன்னவள் ஆற்றிலிருந்து நீர் முகந்து, இடுப்பிலே குடத்தோடு வரப்பிலே நடந்து, அரைக்குடம் புடவையை நனைப்பதையும் முழுக்குடம் அமைதியாக வருவதையும் அனுபவத்தில் கண்ட ஒரு பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நம்புகிறேன். பெயர் தெரியாத அந்தத் தாய்க்கு எந்த இலக்கிய சரித்திரத்திலும் ஓர் அத்தியாயம் இல்லை.

வீட்டுக் கிணற்றுக்கு வருவோம். தோண்டியோ வாளியோ கயிறு அறுந்து உள்ளே விழுந்துவிட்டால், தெருவிலே எந்த வீட்டில் பாதாளக் கரண்டி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வளைந்த கொக்கிகள் கொத்தாகத் தொங்கும் அந்த இரும்புக் கருவியை இரவல் வாங்கப் போனவர், ஒரு செம்பையோ குவளையையோ ஈடாக வைத்துவிட்டே எடுத்துவர வேண்டும் என்ற சம்பிரதாயம் பல ஊர்களில் இருந்தது. திருப்பிக் கொடுத்தால் பாத்திரம் வீடு திரும்பும். கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடித்தளத்தில் மெல்ல மெல்லத் துழாவுகையில், கொக்கியில் ஏதோ சிக்கியதைக் கயிறு கைக்குச் சொல்லும். அப்போது கிணற்றைச் சுற்றி நிற்கும் குழந்தைகள் மூச்சடக்கிக் காத்திருப்பார்கள். தேடிய வாளிக்குப் பதிலாக, எப்போதோ தொலைந்து மறந்துபோன ஒரு டம்ளர் மேலே வருவதும் உண்டு. தெருவுக்கு ஒரு கரண்டி, ஊர் முழுமைக்கும் உபயோகம் என்ற அந்த ஏற்பாட்டில் இருந்த பரஸ்பர விசுவாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அந்த விசுவாசத்துக்கு ஓர் எல்லை இருந்தது என்பதை மறைத்துப் பேசுவது இந்த மேடைக்கு அழகன்று. எந்தத் தெருவின் வாளி எந்தக் கிணற்றில் இறங்கலாம் என்பதை இந்நாட்டிலே ஜாதி நிர்ணயித்தது. வயலுக்கெல்லாம் நீர் இறைத்தவர்களின் வீட்டுப் பெண்கள், பொதுக்கிணற்றின் ஓரத்தில் ஒதுங்கி நின்று, யாரேனும் மனமிரங்கித் தங்கள் குடத்தில் ஊற்றுவார்களா என்று காத்திருந்த கொடுமை நம்முடைய பாட்டன்மார் காலத்தில் நடந்தது. பொதுக் கிணறு, குளம், பாதை முதலியவற்றில் இத்தகைய தடைகளை விலக்கச் சென்னை மாகாணத்தில் 1938-ஆம் ஆண்டு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. தண்ணீரைப் பற்றிய நம் பழமொழிகளின் அழகை வியக்கும்போது, இந்தத் தாகத்தையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

மரக்காலைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனெனில் இறைத்த நீர் நெல்லாகிக் களத்துக்கு வந்தபின் அதன் கணக்கு முழுவதும் இந்தப் பாத்திரத்தின் கையில் இருந்தது. எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது இந்நாட்டுப் பழைய வாய்பாடு. இராசராசன் தன் கோயிலில் நெல்லளக்க வைத்த மரக்காலுக்குத் தில்லைக் கூத்தன் திருநாமமாகிய ஆடவல்லான் என்பதையே பெயராகச் சூட்டினான். இறைவன் பெயர் தாங்கிய அளவையில் குறைவு நேரக்கூடாது என்ற எண்ணம் அப்பெயரில் இருந்ததாகவே நான் உணர்கிறேன். களத்திலே பொலியைச் சுற்றி ஆட்கள் கூடி நிற்க, அளப்பவர் குந்தியமர்ந்து முதல் மரக்காலை அள்ளிக் கொட்டும்போது 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார், பிறகுதான் 'இரண்டு', 'மூன்று' என்று எண்ணிக்கை தொடரும். மரக்காலின் வாயில் நெல்லைக் குவித்துவிடுவதா, கையால் வழித்துத் தலைதட்டி அளப்பதா என்பதில் அவருடைய விரல்கள் எப்படி அசைகின்றன என்பதையே அத்தனை கண்களும் உற்று நோக்கும். ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு அந்த விரலசைவில் இருந்தது.

ஆகவே இம்மண்ணின் பேச்சு அளவையைச் சுற்றி வளர்ந்ததில் வியப்பில்லை. ஜீவனம் தருகிற எஜமானனைப் 'படியளக்கிறவர்' என்றார்கள். எல்லாருக்கும் மேலான கடவுளையும் 'அவன் படியளப்பான்' என்றே நம்பினார்கள். கூலியாக நெல்லை வாங்கியறியாத ஒரு சமூகத்துக்குப் பரம்பொருளை இப்படி ஒரு தொழிலில் காணத் தோன்றியிருக்காது. நிஜத்தை மிஞ்சிப் பேசுபவனை 'அளக்கிறான்' என்கிறார்கள். அனைத்திலும் என் மனத்தை ஆட்கொண்டது 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழி. கரைபுரண்டு ஓடும் காவிரியைக் கண்ணெதிரே கண்டுகொண்டு, கலங்கலமாக விளைவதைக் களத்தில் கண்டுகொண்டு வாழ்ந்தவர்கள், செழிப்பு மிகுந்த இடத்தில்தான் கணக்கு அதிகமாக வேண்டும் என்று சொல்லிவைத்த விவேகத்தை, வறண்ட நாட்டுக்காரர் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வியந்திருக்கமாட்டேன்.

இதே மரக்கால் அநீதியின் ஆயுதமாகவும் இருந்தது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு அதனிற் சிறிய வேறொரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகள் இருந்தன. 1940-களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் முதலானோர் திரட்டிய பண்ணையாட்களின் இயக்கம், சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுதலும் ஒழியவேண்டும் என்று கேட்டதோடு, கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலால் அளக்கவேண்டும் என்றும் கேட்டது. அரசாங்க முத்திரை பதித்த ஒரு பாத்திரத்துக்காக மனிதர்கள் அடிபடவும் சிறைபுகவும் துணிந்தார்கள் என்றால், அப்பாத்திரத்தின் வட்டத்துக்குள் எவ்வளவு மானம் அடங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1952-இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தத் துணிவு இருந்தது.

பின்னர் 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை பரவி, மரக்கால் தன் பதவியை இழந்தது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ சிப்பமாகத் தராசில் ஏறுகிறது. ஏற்றமும் இறைகூடையும் இருந்த இடத்தில் மோட்டார் ஓடுகிறது. இதற்காக நான் வருந்தவில்லை. மனிதன் முதுகை முறித்து நீரேற்றிய காலம் மீண்டும் வரவேண்டும் என்று விரும்புகிறவன் அந்த முதுகைப் பார்த்திராதவனாகத்தான் இருப்பான். வாளியும் ஒழிந்துபோகவில்லை, பிளாஸ்டிக்காகக் குளியலறையிலும், சாம்பார் வாளியாகக் கல்யாணப் பந்தியிலும், கஞ்சி சுமக்கும் தூக்குவாளியாக நடவுப் பெண்களின் கையிலும் தொண்டு செய்துகொண்டே இருக்கிறது. என் கவலை சொற்களைப் பற்றியது. ஏற்றத்தின் உறுப்புகளுக்கும், கயிற்றின் முடிச்சுகளுக்கும், சால் அறுந்தால் சொல்லும் வசவுக்கும், களத்திலே அளக்கும்போது விலக்கப்பட்ட எண்களுக்கும் வழங்கிய சொற்களை அறிந்த முதியவர்கள் ஊருக்கு ஓரிருவரே எஞ்சியிருக்கிறார்கள். அகராதிகளில் அவற்றுள் பல ஏறவில்லை. ஏறியவற்றுக்கும் ஊர்ப்பெயர் இல்லை.

ஆதலின், கல்லூரி மாணவ மாணவியரே, உங்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். திருவையாறோ திருத்துறைப்பூண்டியோ, உங்கள் ஊரில் ஏற்றம் மிதித்தவர், நெல்லளந்தவர், கூலி மரக்காலுக்காகப் போராடியவர், கிணற்றடியில் காத்து நின்றவர் எவரேனும் உயிரோடிருந்தால், இந்தப் பொங்கல் விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். இனிய சொல்லையும் கசந்த சொல்லையும் ஒன்றுபோல எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் எந்த ஊர், எந்தத் தொழில் என்பதையும் அருகிலே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த ஏடுகளோடு வாருங்கள். அவற்றை அச்சேற்றும் பொறுப்பை இம்மன்றத்தார் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவைத்தலைவரை இந்த மேடையிலிருந்தே பணிவோடு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.